சாணி எரிவாயு, மோட்டார்: எதில் முதலில் காசு போடலாம்?

ஒடுகத்தூர் கழனிக்காரி
வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் ஒன்றரை ஏக்கர் கழனி, அரை ஏக்கர் கொல்லை. மூன்று கறவை, ஒரு கிடேரி. நெல், வேர்க்கடலை, வரப்போரம் கோ-4 தீவனப் புல். போன வருஷம் 2 கனமீட்டர் சாணி எரிவாயுக் கலன் கட்டினோம். "இனிமே சிலிண்டரே வேணாம்"னு கட்டினவர் சொன்னார். காலையில் காப்பி, ஒரு வேளை சோறு, அதோட அடுப்பு அணைஞ்சிடுது. மார்கழியில் அதுவும் இல்லை. மறுபடியும் வேலிகாத்தான் விறகு; மாமியாருக்குப் புகை ஒத்துக்கல, ராத்திரி முழுக்க இருமல். இன்னொரு பக்கம் 7.5 ஹெச்பி மோட்டார், ரெண்டு தடவை காயில் (உள்ளே சுத்தியிருக்கிற கம்பி) எரிஞ்சிடுச்சு. கரண்ட் இலவசம்தான், காயில் கட்டுற காசு நம்மளுது. கையில் இருக்கிற கொஞ்சப் பணத்தை எதில் போட?

குடியாத்தம் பெரியவர்
மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டறீங்களாம்மா? அந்தக் கலனுக்குத் தினம் 50 கிலோ பச்சைச் சாணி, அதே அளவு தண்ணி வேணும். மேயற இடத்துல விழற சாணி கலனுக்கு வராது. மாட்டுக் கட்டுத்தறியில் விழறதை ஒரு வாரம் தராசில் நிறுத்துப் பாருங்க. கிலோவுக்குச் சுமார் 40 லிட்டர் வாயு. குளிர்ல வாயு உண்டாக்கற நுண்ணுயிர் மந்தமாயிடும். வெயில்ல வச்ச தண்ணியில் கரைச்சு ஊத்துங்க, கலன் மேல வைக்கோல் பரப்புங்க. வெளிய வர்ற கரைசலைப் புல்லுக்கு விடுங்க, யூரியாவைக் குறைக்கலாம். யூரியாவே இயற்கை எரிவாயுவில் செய்யறதுதானே.

பாலாற்றங்கரை
மோட்டாரை விட்டுடாதீங்க அக்கா. 200 லிட்டர் டிரம் நிறைய எத்தனை நொடின்னு பாருங்க. எனக்கு 100 நொடி ஆச்சு, அதாவது நொடிக்கு 2 லிட்டர். 200 அடி ஆழத்துல இருந்து அதைத் தூக்க 1.2 கிலோவாட் போதும். எங்க 7.5 ஹெச்பி மோட்டார் இழுத்தது கிட்டத்தட்ட 6 கிலோவாட். அஞ்சுல ஒரு பங்குதான் தண்ணியாச்சு, மீதி சூடாத்தான் போச்சு. போர்வெல்லில் ஊறுற தண்ணிக்கு மோட்டார் ரொம்பப் பெரிசு. சின்னதா மாத்தினேன், அதுக்கப்புறம் காயில் எரியல.

ஒடுகத்தூர் கழனிக்காரி
ஒரு வாரம் நிறுத்தேன் பெரியப்பா. சராசரி 20 கிலோ. 800 லிட்டர் வாயு, ஒன்றரை மணி நேர அடுப்பு. கலன் ஒழுகுதுன்னு கட்டினவர் மேல கோபமா இருந்தேன். கலன் ஒழுகல, வேண்டிய சாணியில் பாதிகூட நாங்க ஊத்தல. மேய்ச்சலை மதியத்தோட நிறுத்தி, புல்லை வெட்டித் தறியிலேயே போடறோம். நேத்து 31 கிலோ. டிரம் 110 நொடி, தம்பி. மாசி அறுவடைக்கு அப்புறம் மோட்டார். முதல்ல சாணி, மாமியார் இருமல் நிக்கணும்.