புதுப்பிப்பு: தோள்வலி பிரேக்ல ஸ்ட்ரென்த் போகாம இருக்க என்ன பண்ணேன்

வலது தோள் வலிக்கு டாக்டர் ஜிம்ல பண்ற பெஞ்ச் பிரஸ் (படுத்துட்டு வெயிட்டை மேல தள்றது), ஓவர்ஹெட் பிரஸ் (தலைக்கு மேல தள்றது) ரெண்டையும் நிறுத்தச் சொல்லிட்டாரு, ஸ்ட்ரென்த் போயிடுமான்னு இங்க கேட்டிருந்தேன்ல, பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. இப்ப பிசியோ ஓகே சொல்லி திரும்ப பிரஸ் ஆரம்பிச்சாச்சு.

கைகொடுத்தது "செட்டைக் குறைங்க, வெயிட்டைக் குறைக்காதீங்க"ன்னு ஒருத்தர் சொன்னதுதான் (செட்னா நிறுத்தாம தொடர்ந்து பண்ற ஒரு ரவுண்டு). வெயிட் பாரை முதுகுல வச்சா தோள் இழுத்துச்சு, அதனால ஸ்குவாட்டுக்குப் (பாரோட உக்காந்து எழுறது) பதிலா லெக் பிரஸ் (மெஷின்ல காலால தள்றது), வலிக்காத மத்த லிஃப்ட் எல்லாம் பழைய வெயிட்லயே, செட் மட்டும் மூணுல ஒரு பங்கு, வாரம் 1 இல்ல 2 தடவை, அவ்வளவுதான், கால் ஸ்ட்ரென்த் அப்படியே நின்னுச்சு.

எதிர்பாக்காதது என்னன்னா, இடது கைக்கு மட்டும் டம்பெல் பிரஸ் பண்ணிட்டு வந்தேன், வலது கை நான் பயந்த அளவுக்கு இறங்கவே இல்ல. ஒரு கைக்குப் பயிற்சி குடுத்தா நரம்பு வழியா மத்த கைக்கும் கொஞ்சம் பலன் போகுமாம், பிசியோ சொன்னாங்க.

ஆரம்பத்துல உடம்பு சுருங்கின மாதிரி தெரிஞ்சா பதறாதீங்க, தசைல இருக்க கிளைகோஜனும் (சேமிச்சு வச்ச சர்க்கரை) தண்ணியும் குறையுறதுதான் பெரும்பாலும் அது. பிரஸ்ஸை மட்டும் பாதி வெயிட்ல இருந்து ஏத்திட்டு வரேன், வலி இல்ல.