மாப்பிள்ளை வீட்டு டைம்லைனைத் திருத்தினேன், பெண்வீட்டு டைம்லைனும் மாறிட்டு

குழித்துறை வீடியோ:
வணக்கம். குழித்துறையில கல்யாண வீடியோ எடிட் பண்ணுறேன், டாவின்சி ரிசால்வ்ல. போன வாரம் முடிச்ச கல்யாணத்துல பொண்ணு கருங்கல், மாப்பிள்ளை குலசேகரம். ரெண்டு வீட்டுக்கும் தனித்தனி வீடியோ கேட்டாங்க. பெண்வீட்டு டைம்லைனை முழுசா முடிச்சு, டூப்ளிகேட் டைம்லைன் போட்டு, அந்தக் காப்பியை மாப்பிள்ளை வீட்டுக்குத் திருத்தினேன். தாலி கட்டுற இடத்துல மூணு கேமரா, பாட்டு, ஆலயத்து மைக் எல்லாத்தையும் ஒரே காம்பவுண்ட் கிளிப்பா ஆக்கியிருந்தேன். அதைத் திறந்து, பொண்ணோட பாட்டி கவணி நுனியால கண்ணைத் துடைக்கிற 6 விநாடியை எடுத்துட்டு, அதே நீளத்துக்கு மாப்பிள்ளையோட பாட்டியை வச்சேன்.

ரெண்டையும் ரெண்டர் பண்ணி பென்டிரைவும் கொடுத்தாச்சு. நேத்து ராத்திரி அந்தப் பொண்ணு கூப்பிட்டு, "அண்ணா, எங்க பாட்டி அழுதது எங்கே?"ன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் வரல்ல. பெண்வீட்டு டைம்லைனை நான் தொடவே இல்லையே, எப்படி மாறிச்சு?

தக்கலை எடிட்:
நான் டைம்லைனை டூப்ளிகேட் பண்ணுறதே இல்லை. சேவ் அஸ் கொடுத்து புராஜெக்டையே ரெண்டாக்கிடுவேன்.

வடசேரி ஸ்டுடியோ:
அப்படிச் செஞ்சா பொதுவான ஒரு திருத்தம் வந்தாலும் ரெண்டு புராஜெக்ட்லயும் உக்காந்து செய்யணும். அதுக்கு டூப்ளிகேட்டே மேல்.

தம்பி, பதறாதீங்க, பாட்டி ஷாட் மீடியா பூல்லதான், அதாவது புராஜெக்ட்ல சேர்த்த கிளிப்பெல்லாம் இருக்கிற இடத்துலதான், இருக்கு. டூப்ளிகேட் போடும்போது டைம்லைன்ல நீங்க அடுக்கின வரிசை மட்டும்தான் காப்பி ஆகும். காம்பவுண்ட் கிளிப் மீடியா பூல்ல ஒண்ணே ஒண்ணுதான், ரெண்டு டைம்லைனும் அதைத்தான் காட்டுது. உள்ளே மாத்தினா ரெண்டு பக்கமும் மாறும். பிரீமியர் சாஃப்ட்வேர்ல ஒண்ணுக்குள்ள ஒண்ணா நெஸ்ட் பண்ணின சீக்வென்ஸும் இப்படித்தான்.

மாப்பிள்ளை வீட்டு டைம்லைன்ல அந்தக் கிளிப்பை ரைட் கிளிக் பண்ணி, டிகம்போஸ் இன் பிளேஸ் கொடுங்க. உள்ளே இருக்கிறதெல்லாம் டைம்லைன்லயே விரியும். அதை அப்படியே செலக்ட் பண்ணி வேற பேர்ல புதுக் காம்பவுண்ட் கிளிப் ஆக்குங்க. அது முடிஞ்ச பிறகுதான் பழைய கிளிப்பைத் திறந்து பாட்டியைத் திரும்ப வைக்கணும், முன்பின் ஆக்கிடாதீங்க. கிளிப் மேலேயே கலர் போட்டிருந்தா டிகம்போஸ்ல போயிடும், அந்தக் கலரைத் திரும்பப் போட முதல்லயே ஒரு ஸ்டில் பிடிச்சு வையுங்க.

கலர்லயும் இதே சிக்கல் உண்டு. லோக்கல் வெர்ஷன்ல போட்ட கலர் அந்தந்த டைம்லைனோட நிக்கும். ரிமோட் வெர்ஷன்ல போட்டா, அதே ஃபுட்டேஜ் ரிமோட்ல நிக்கிற மத்த டைம்லைன்லயும் ஏறிடும்.

குழித்துறை வீடியோ:
அண்ணாச்சி, நீங்க சொன்ன வரிசையிலேயே செஞ்சேன். புதுக் கிளிப்புக்கு 'தாலி மாப்பிள்ளை வீடு'ன்னு பேர் வச்சாச்சு. ரெண்டு டைம்லைனையும் மாறி மாறித் திறந்து அந்த 6 விநாடியை ஓட்டிப் பார்த்தேன். கருங்கல் பாட்டி கவணியைத் தூக்குறது பெண்வீட்டு வீடியோல திரும்ப வந்திட்டு. ரொம்ப நன்றி. ரெண்டர் ஓடிட்டு இருக்கு, காலையில கருங்கலுக்கு நானே கொண்டு போய்க் கொடுக்கேன்.