முழு வேகத்தில் கரும்புகை

கேள்வி: முகத்துவாரத்தில் நிற்கும் எங்கள் மீன்பிடிப் படகின் டீசல் எஞ்சின், முழு வேகத்துக்கு ஏற்றும்போது கரும்புகையைக் கக்கிப் பின்பகுதியெங்கும் கரி படியச் செய்வதோடு, வழமையான சுழற்சி வேகத்தையும் எட்டுவதில்லை. இன்ஜெக்டர்களை (எரிபொருளைப் பீய்ச்சும் முனைகளை) கழற்ற வேண்டுமா?

பதில் 1: அவசரப்பட வேண்டாம், அண்ணா. எரிபொருளுக்கு ஏற்ற காற்று கிடைக்காவிட்டாலும், சுமை மிகுந்தாலும் புகை கறுக்கும். நியூட்ரலில் (கியர் போடாமல்) புகையின்றி வேகம் ஏறினால் சுமையே காரணமாகலாம்; படகின் அடிப்பாகத்திலும் புரொப்பெல்லரிலும் ஒட்டியுள்ள சிப்பியை முதலில் சுரண்டுங்கள்.

பதில் 2: நியூட்ரலில் சுமையில்லாததால், அச்சோதனை காற்றுக் குறைவைக் காட்டாமலும் விடலாம். காற்று வடிகட்டியைப் பார்த்தபின், எஞ்சின் அறையின் மூடியைத் திறந்துவைத்து ஓட்டுங்கள். புகை குறைந்தால் அறைக்குள் காற்று போதவில்லை. (காற்றுத் துவாரத்தின்மேல் வலையைக் குவிப்பவர்கள் நம்மிடையே பலர்.) இன்ஜெக்டர் சோதனை அதற்குப் பிறகுதான்.

கேட்டவர்: புரொப்பெல்லரை அண்மையில்தான் பெரிதாக மாற்றினோம்.

பதில் 1: அப்படியானால் சுமை கூடியது அதனாலும் இருக்கலாம்; அதன் விட்டத்தையும் பிட்ச்சையும் (ஒரு சுற்றுக்கு அது முன்னேற வேண்டிய தூரம்) முதலில் அளவிடுங்கள்.