உதவி தேவை: 60 வரி புரோகிராமுக்குத் திரை நிறைய 'ஸ்ட்ரே \340' எரர்

பெகு தம்பி:

எல்லோருக்கும் வணக்கம். நான் சி பிளஸ் பிளஸ் பழக ஆரம்பித்து நான்கு மாதம்தான் ஆகிறது. கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

படம் எதுவும் இல்லாமல் எழுத்திலேயே ஆடுகிற ஒரு கதை விளையாட்டு எழுதுகிறேன். 1941 டிசம்பர் 23, ஜப்பான்காரன் ரங்கூனில் முதல் குண்டு போட்ட நாளில் கதை தொடங்கும். ஆடுபவர் பர்மாவில் பெகு என்ற ஊரில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் மூத்த பையன். இங்கேயே இருப்பதா, கிளம்புவதா என்பதுதான் முதல் கேள்வி. கிளம்பினால் மாண்டலே, கலேவா, தமூ வழியாக இம்பால் வரை போக வேண்டும். ஒவ்வொரு நாளும் அரிசி குறையும். காலரா வரலாம், மலேரியா வரலாம். எங்கள் கொள்ளுத்தாத்தா கிளம்பாமல் தங்கிவிட்டவர், அவருடைய தம்பி நடந்து போனவர். வீட்டில் கேட்டுக் கேட்டு வளர்ந்த கதை என்பதால் இதையே எடுத்துக்கொண்டேன்.

மாமா கொடுத்த பழைய லேப்டாப், விண்டோஸ் 10. கோடு எழுத உதவும் கோட்பிளாக்ஸ் 20.03-ஐ நண்பன் பென்டிரைவில் கொண்டுவந்து போட்டுக் கொடுத்தான். அதோடு வந்த கம்பைலரான (எழுதிய கோடைக் கணினி ஓட்டும்படி மாற்றுவது) ஜி பிளஸ் பிளஸ்ஸைத்தான் கட்டளை அடிக்கும் கறுப்பு ஜன்னலில் தட்டிக் கம்பைல் செய்கிறேன். எழுதியது மொத்தமே 60 வரி. கம்பைல் கொடுத்தால் எரர் நிற்காமல் ஓடுகிறது, எண்ணக்கூட முடியவில்லை. எல்லாம் ஒரே மாதிரி:

எரர்: ஸ்ட்ரே '\340' இன் ப்ரோக்ராம்
எரர்: ஸ்ட்ரே '\256' இன் ப்ரோக்ராம்
எரர்: ஸ்ட்ரே '\211' இன் ப்ரோக்ராம்

முதல் எரர் காட்டுவது இந்த இடத்தை:

இன்ட் உயிர் = 100;
இன்ட் அரிசி = 20;

இன்ட் என்பதை ஆங்கிலத்தில்தான் அடித்திருக்கிறேன். பெயர்கள் மட்டும் தமிழ். முழு கோடையும் கீழே இணைத்திருக்கிறேன். இங்கே பத்து மணிக்குக் கரண்ட் போய்விடும், பதில் போடத் தாமதமானால் கோபிக்க வேண்டாம்.

பைத்தான் பிரியன்:

பைத்தானுக்கு மாறிவிடுங்கள். பைத்தான் 3-ல் தமிழ்ப் பெயர் வைத்தால் எந்தத் தொல்லையும் இல்லை.

பெகு தம்பி:

நன்றி அண்ணே. ஆனால் வகுப்பில் சி பிளஸ் பிளஸ்தான். இதையே கடைசிப் பாடவேலையாகக் காட்ட வேண்டும்.

மோல்மேன் அக்கா:

தம்பி, பயப்படாதே. உன் கோடில் இதுவரை தெரிவது ஒரே ஒரு தப்பு, அதுவும் உன் தப்பு இல்லை.

கோட்பிளாக்ஸ் 20.03-ஓடு வருவது ஜிசிசி 8.1 (உன் ஜி பிளஸ் பிளஸ் இந்த ஜிசிசி தொகுப்பில் ஒன்றுதான்). அந்தப் பதிப்புக்கு வேரியபிள் பெயரில் நேரடியாகத் தமிழ் எழுத்து வந்தால் புரியாது. 2020-ல் வந்த ஜிசிசி 10 முதல்தான் அது பழகியது. அதாவது நீ எழுதியது இன்றைய கம்பைலருக்குச் சரி, மாமாவின் லேப்டாப்பில் இருப்பதற்குத்தான் சரியில்லை.

ஏன் இத்தனை எரர் என்கிறாயா? அது எனக்குப் பிடித்த கணக்கு. 'உயிர்' நம் இலக்கண வாத்தியாருக்கு மூன்று எழுத்து. யூனிகோடுக்கு (எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் பட்டியல்) ஐந்து: உ, ய, இகரக் குறி, ர, புள்ளி. (நாம் ர் என்ற மெய்யோடு அகரம் சேர்ந்தால் ர என்று படித்தோம். யூனிகோடில் தலைகீழ், ர-வுக்குப் புள்ளி வைத்தால்தான் மெய் பிறக்கும்.) அந்த எண்களைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். ஆக ஐந்து மூன்று பதினைந்து. பழைய ஜிசிசி ஒவ்வொரு பைட்டையும் தனித்தனியாகப் பிடித்து 'இது யார், வழிதவறி வந்தது?' என்று கத்தும். ஸ்ட்ரே என்றால் அதுதானே, தெருவில் திரிகிற மாடு மாதிரி. 'அரிசி'யும் எண்ணிப் பார், அதே பதினைந்துதான். உன் கோடில் உயிர் 9 இடம், அரிசி 7 இடம். 16 × 15 = 240 எரர். அவற்றின் குட்டிகளாக 'எக்ஸ்பெக்டட்' என்று தொடங்குபவை தனி.

அந்த \340 என்பது எட்டின் அடிமானத்தில் எழுதிய எண், நம் கணக்கில் 224. தமிழ் எழுத்து எதுவானாலும் முதல் பைட் அதுவாகத்தான் இருக்கும். இனி \340-ஐக் கண்டால் தமிழ் எழுத்து எங்கோ கோடுக்குள் நுழைந்துவிட்டது என்று தெரிந்துகொள். கீபோர்டை மாற்ற மறந்து ஒரு எழுத்து அடித்துவிட்டால்கூட இதே எரர்தான் வரும்.

புதிய கம்பைலர் இறக்கலாம், ஆனால் உன் இணையத்துக்கு அது பெரிய வேலை. இப்போதைக்குப் பெயர்களை ஆங்கில எழுத்தில் மாற்று. உயிர் என்பதையே ஆங்கில எழுத்தில் எழுது, 'ஹெல்த்' என்று மொழிபெயர்க்க வேண்டியதில்லை. இரட்டை மேற்கோளுக்குள் வரும் வசனமெல்லாம் தமிழிலேயே இருக்கட்டும், அதை எந்தக் கம்பைலரும் தடுக்காது.

இன்னொன்று. கம்பைல் கட்டளையில் -எஃப்மேக்ஸ்-எரர்ஸ்=1 என்று சேர்த்துக்கொள் (ஆங்கில எழுத்தில்). முதல் எரரோடு நின்றுவிடும். அதைத் திருத்து, திரும்பக் கம்பைல் செய். எரர் பட்டியலைக் கீழிருந்து படிக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

பெகு தம்பி:

அக்கா, எல்லாப் பெயரையும் மாற்றிவிட்டேன். பெயர் இருந்த வரிகளில் 340 ஒன்றுகூட இல்லை! ஆனால் இப்போது 342 வருகிறது. 29-ஆம் வரியில் முதலில் \342, \200, \234. கரண்ட் இல்லாத நேரத்தில் அக்காவின் ஐஃபோனில் சில வசனங்களை அடித்து எனக்கே அனுப்பிக்கொண்டேன், அந்த வரி அதில் ஒன்று. (சொந்த அக்கா, நீங்கள் இல்லை.)

தெரு முனை டீக்கடை:

நான் ரங்கூன். மேற்கோள் குறியைப் பாருங்கள் தம்பி. ஐஃபோன் நீங்கள் கேட்காமலேயே நேர் மேற்கோளை வளைந்த மேற்கோளாக மாற்றிவிடும். கண்ணுக்கு அழகு, கம்பைலருக்கு விஷம். 342, 200, 234 என்றால் திறக்கும் வளைந்த மேற்கோள். கடைசி எண் 235 என்றால் மூடுவது. அழித்துவிட்டு லேப்டாப் கீபோர்டிலிருந்து அடியுங்கள். வேர்ட் ஃபைலிலிருந்து ஒட்டினாலும் இதே கதைதான்.

பெகு தம்பி:

சரியாகிவிட்டது அண்ணே. ஆனால் 44-ஆம் வரியில் இன்னும் 342, 200, 213 என்று ஒன்று இருக்கிறது. அந்த வரியில் மேற்கோளே கிடையாது. எத்தனை முறை பார்த்தாலும் சுத்தமாகத்தான் தெரிகிறது. அது நண்பன் பர்மிய மொழியில் விளக்கம் எழுதி நடுவில் அனுப்பிய வரி. நகலெடுத்து ஒட்டினேன்.

தெரு முனை டீக்கடை:

அடடா, இது நம் ஊர்ச் சரக்கு! 213-ல் முடிவது பூஜ்ய அகல இடைவெளி. பர்மிய எழுத்தில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடுவதில்லை அல்லவா, வரியை எங்கே மடிக்கலாம் என்று கம்ப்யூட்டருக்குக் காட்ட இந்தக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தைப் போடுவார்கள். நண்பன் அனுப்பியதில் அது ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. தேடி அழிக்கப் பார்க்காதீர்கள், தெரியாததை எப்படி அழிப்பது? முழு வரியையும் தூக்கிவிட்டுக் கையால் புதிதாக அடியுங்கள்.

யூனிகோடோடு ஒத்துப்போகாத ஸாஜி என்ற பர்மிய எழுத்துரு இருந்த காலத்தில் இதைவிடக் கூத்து. ஒருவர் அனுப்பிய பர்மியம் இன்னொருவர் ஃபோனில் கோழி கிளறிய மாதிரி இருக்கும். 2019 அக்டோபர் 1-ல் நாடே யூனிகோடுக்கு மாறிய பிறகுதான் நிம்மதி.

பெகு தம்பி:

போய்விட்டது! அடுத்தது: 31-ஆம் வரியில் 'எக்ஸ்பெக்டட் , ஆர் ; பிஃபோர் இன்ட்'. 31-ஆம் வரியைப் பத்து முறை படித்துவிட்டேன். செமிகோலன் இருக்கிறது.

மோல்மேன் அக்கா:

30-ஆம் வரியைப் படி.

பெகு தம்பி:

ஐயோ. 30-ல் இல்லை. மன்னிக்கவும் அக்கா.

மோல்மேன் அக்கா:

மன்னிப்பெல்லாம் எதற்கு. 'பிஃபோர்' என்ற சொல்லைக் கவனி. 31-ஆம் வரியின் இன்ட் வருவதற்கு முன்னால் ஒன்று இருந்திருக்க வேண்டும் என்கிறது. கம்பைலர் 30-ஐத் தாண்டி அடுத்த சொல்லைப் பார்த்த பிறகுதான் அதற்குச் சந்தேகமே வருகிறது, அதனால் அங்கே நின்று கை காட்டுகிறது. எரர் சொல்லும் வரியில் தப்பு இல்லையென்றால் ஒரு வரி மேலே போ.

பெகு தம்பி:

இரண்டு நாளாகக் கரண்ட் சரியில்லை, இப்போதுதான் வந்தேன். மெயின் ஃபைல் பெரிதாகிவிட்டதால் நோய் வரும் பகுதியைத் தனி ஃபைலாகப் பிரித்தேன். ஹெடரில் ஃபங்ஷன் பெயரைப் போட்டு மெயினில் இன்க்லூட் செய்திருக்கிறேன். இப்போது வரி எண்ணே இல்லாமல் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்று வருகிறது. கடைசியில் 'எல்டி ரிடர்ன்ட் 1 எக்ஸிட் ஸ்டேட்டஸ்'. இது என்ன புது பாஷை?

மோல்மேன் அக்கா:

இது கம்பைலர் பேசுவதில்லை, கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர் பேசுவது. எல்டி என்பது அதன் பெயர். கம்பைலர் உன் கோடைப் பாஸ் போட்டு அனுப்பிவிட்டது, அதற்கு முதலில் சந்தோஷப்படு.

ஹெடர் என்பது கல்யாணப் பத்திரிகை மாதிரி. நாதஸ்வரம் இன்னார் என்று அச்சடித்திருக்கிறது, கம்பைலர் அதை நம்பிவிட்டது. லிங்கர் மண்டபத்துக்குள் போய்த் தேடினால் ஆளைக் காணோம். நீ கட்டளையில் மெயின் ஃபைலின் பெயரை மட்டும் கொடுத்திருப்பாய். நோய் ஃபைலின் பெயரையும் பக்கத்திலேயே சேர்த்துக் கொடு. ஹெடரின் பெயரைக் கட்டளையில் போட வேண்டாம், அது இன்க்லூட் வழியாகவே உள்ளே வந்துவிடும்.

அப்படியும் போகவில்லை என்றால் ஃபங்ஷன் பெயரை இரண்டு இடத்திலும் ஒப்பிட்டுப் பார். சின்ன எழுத்து, பெரிய எழுத்து மாறினால்கூட வேறு ஆள். ஹெடரில் இன்ட் கேட்டு, உள்ளே டபுள் வாங்கினாலும் வேறு ஆள்தான்.

பெகு தம்பி:

ஓடுகிறது!!! ஆனால் தமிழ் வசனம் வர வேண்டிய இடத்தில் கிரேக்க எழுத்தும் பெட்டிக் கோடுகளும் வருகின்றன.

தெரு முனை டீக்கடை:

ஆல்ஃபா நிறைய தெரிகிறதா? அந்த ஜன்னல் 437 என்ற பழைய எழுத்துப் பட்டியலில் ஓடுகிறது. அதில் 224-ஆம் இடத்தில் இருப்பது ஆல்ஃபா. அக்கா சொன்ன அதே 340-தான், வேறு வேஷம். விளையாட்டைத் தொடங்கும் முன் சிஎச்சிபி 65001 என்று அடியுங்கள், யூடிஎஃப்-8-க்கு மாறும். அதற்குப் பிறகு வெறும் கட்டங்களாகத் தெரிந்தால் எழுத்துருதான் காரணம். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் விண்டோஸ் டெர்மினலில் ஓட்டிப் பாருங்கள். கொம்பும் காலும் சில இடங்களில் கொஞ்சம் விலகி நிற்கும், ஆனாலும் வாசிக்கலாம்.

பெகு தம்பி:

வாசிக்க முடிகிறது அண்ணே, மிக்க நன்றி. கடைசியாக ஒரு விசித்திரம். எரர் எதுவும் இல்லை. ஆனால் முதல் நாள் முடிந்ததுமே அரிசி 20-லிருந்து 0 ஆகிவிடுகிறது. அதைவிட மோசம், அரிசி 0 ஆனால் 'பசியில் விழுந்துவிட்டாய்' என்று வர வேண்டும், அது வரவே இல்லை. என் ஆள் ஒரு பிடி அரிசி இல்லாமல் தமூ வரை தெம்பாக நடந்துபோய்விட்டான்.

மோல்மேன் அக்கா:

கம்பைல் கட்டளையில் -டபிள்யூஆல் சேர்த்து என்ன சொல்கிறது என்று பார். டபிள்யூ பெரிய எழுத்து, மற்றது சின்ன எழுத்து.

பெகு தம்பி:

வார்னிங்: சஜஸ்ட் பேரன்தெசிஸ் அரவுண்ட் அசைன்மென்ட் யூஸ்ட் ஆஸ் ட்ரூத் வேல்யூ. அடைப்புக்குறி போடச் சொல்கிறதா அக்கா?

மோல்மேன் அக்கா:

அடைப்புக்குறி போட்டால் வார்னிங் போகும், நோய் போகாது. இஃப்-க்குள் ஒற்றைச் சமக்குறி வைத்திருக்கிறாய். 'அரிசி 0 ஆக இருக்கிறதா?' என்று கேட்பதற்குப் பதில் 'அரிசியை 0 ஆக்கு' என்று கட்டளை போட்டிருக்கிறாய். ஆக்கிவிட்டது. வந்த விடை 0, சி பிளஸ் பிளஸ்ஸில் 0 என்றால் பொய். அதனால் பசி வசனம் வரவில்லை. இரட்டைச் சமக்குறி போடு. முடிந்தால் '0 அல்லது அதற்குக் கீழ்' என்று கேள், ஒரே நாளில் இரண்டு படி குறைந்தால் 0-வைத் தாண்டிப் போய்விடும். கம்பைல் ஆனதெல்லாம் சரி என்று நம்பி நானும் ஒரு காலத்தில் ஒரு ராத்திரி முழுக்க இதே குறியைத் தேடியிருக்கிறேன். அன்றிலிருந்து -டபிள்யூஆல் இல்லாமல் கம்பைல் செய்வதில்லை.

பெகு தம்பி:

சரியாகிவிட்டது அக்கா. இப்போது என் ஆள் கலேவாவுக்கு முன்னாலேயே பசியில் விழுகிறான், அரிசியைக் கொஞ்சம் கூட்ட வேண்டும்.

நேற்று அம்மாவை ஆட வைத்தேன். முதல் கேள்விக்கே யோசிக்காமல் 'இங்கேயே இருப்பது' என்று போட்டார். அதோடு விளையாட்டு முடிந்துவிட்டது. அந்தப் பக்கத்துக்கு நான் ஒரு வரிகூட எழுதவில்லை. "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

மோல்மேன் அக்கா:

அதைத் தனி ஃபைலாக எழுது. கட்டளையில் அதன் பெயரையும் சேர்க்க மறந்துவிடாதே.