எக்ஸ்ஃபேட் டிஸ்கில் என்பிஎம் இன்ஸ்டால்: சூடோ போட்டாலும் "ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்"

கேள்வி

உபுண்டு 22.04. விண்டோஸிலும் திறக்க வேண்டும் என்பதால் ப்ராஜெக்ட் 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. அங்கே என்பிஎம் (நோட்.ஜேஎஸ் பேக்கேஜ் மேலாளர்) இன்ஸ்டால் கொடுத்தால் பேக்கேஜ்கள் இறங்குகின்றன, கடைசியில் "ஈபெர்ம்: ஆபரேஷன் நாட் பெர்மிட்டட், சிம்லிங்க்" என்று நின்றுவிடுகிறது. பிழையில் வரும் பாதை நோட்_மாட்யூல்ஸ்/.பின். சிஎச்மாட் 777 (எல்லோருக்கும் முழு அனுமதி) கொடுத்தாயிற்று, சூடோவும் (ரூட் உரிமையில் ஓட்டுவது) போட்டாயிற்று. ஹோம் ஃபோல்டரில் இதே ப்ராஜெக்ட் ஓடுகிறது. எந்த அனுமதி குறைகிறது?

பதில் 1

அனுமதி எதுவும் குறையவில்லை. அந்த டிஸ்க் எக்ஸ்ஃபேட்டாக (விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் திறக்கும் ஃபைல் சிஸ்டம்) இருக்கும். எக்ஸ்ஃபேட்டிலும் ஃபேட்32-இலும் சிம்லிங்க் (வேறொரு கோப்பையோ ஃபோல்டரையோ சுட்டும் இணைப்பு) என்ற சமாசாரமே கிடையாது. சிம்லிங்க் தெரியாத ஃபைல் சிஸ்டத்தில் அதை உருவாக்கக் கேட்டால் லினக்ஸ் கெர்னல் ஈபெர்ம் (எண் 1) என்றுதான் திருப்பும். ரூட்டாக இருந்தாலும் அதே பதில்தான். சிஎச்மாட்டும் அங்கே ஒட்டாது, ஏனென்றால் எக்ஸ்ஃபேட் உரிமையாளர், அனுமதி எதையும் சேமிப்பதில்லை. எல்எஸ் காட்டுவது மவுண்ட் செய்தபோது கொடுத்த யூஐடி (பயனர் எண்), யூமாஸ்க் (எந்த அனுமதிகளை நீக்க வேண்டும் என்ற அமைப்பு) மட்டும்.

உறுதி செய்ய அந்த ஃபோல்டருக்குள் இருந்து டிஎஃப் -டி . என்று அடியுங்கள் (டி பெரிய எழுத்து). அப்புறம் எல்என் -எஸ் அஆ சோதனை என்று அடியுங்கள் (அஆ இலக்கு, சோதனை லிங்க்கின் பெயர்). இலக்குக் கோப்பு இல்லாவிட்டாலும் சிம்லிங்க் உருவாகும், அதனால் வெறும் பெயரே போதும். இதுவும் அதே பிழையைத் தந்தால் என்பிஎம் மேல் குற்றமில்லை.

அனுமதிக் கோளாறு என்றால் பொதுவாக வருவது ஈஅக்செஸ் (எண் 13, "பெர்மிஷன் டினைட்"). இரண்டையும் ஒன்றாக எண்ணித்தான் பலர் 777-ஐத் தேடிப் போகிறார்கள்.

பதில் 2

வழி வேணும்னா, உள்ளதுல நல்லது: கோடை இஎக்ஸ்டி4 பார்ட்டிஷனுக்கு மாத்துங்க, விண்டோஸ் பக்கம் தனியா ஒரு க்ளோன் வெச்சு கிட் மூலமா ஒத்திசைங்க. நோட்_மாட்யூல்ஸை ரெண்டு ஓஎஸ்-க்கும் பொதுவா வைக்கறதே தப்பு. கம்பைல் ஆன மாட்யூல்கள் ஒண்ணுல இறங்கினது இன்னொண்ணுல ஓடாது.

டிஸ்கை விட்டு நகர முடியாதுன்னா என்பிஎம் இன்ஸ்டால் --நோ-பின்-லிங்க்ஸ். இன்ஸ்டால் முடியும், ஆனா .பின் ஃபோல்டர்ல எதுவும் வராது. ஸ்கிரிப்ட்ல வெறும் ஈஎஸ்லிண்ட்னு (கோடைச் சரிபார்க்கற கருவி) எழுதியிருந்தா "நாட் ஃபவுண்ட்" தான். முழுப் பாதையா நோட் நோட்_மாட்யூல்ஸ்/ஈஎஸ்லிண்ட்/பின்/ஈஎஸ்லிண்ட்.ஜேஎஸ் னு மாத்தணும். வொர்க்ஸ்பேஸ் (ஒரே ப்ராஜெக்ட்டுக்குள்ள பல பேக்கேஜ்) இருக்கற ப்ராஜெக்ட்டுக்கு இது உதவாது, அங்க பேக்கேஜ் ஃபோல்டர்களே சிம்லிங்க்தான்.

மூணாவது, டிஸ்க்குள்ளயே ஒரு இமேஜ் ஃபைல்: ட்ரன்கேட் -எஸ் 20ஜி வேலை.இமேஜ், எம்கேஎஃப்எஸ்.இஎக்ஸ்டி4 வேலை.இமேஜ், அப்புறம் சூடோ மவுண்ட் -ஓ லூப். மவுண்ட் பண்ணினதும் சூடோ சிஎச்ஓன் போட்டு உங்க பேருக்கு மாத்த மறக்காதீங்க. புது இஎக்ஸ்டி4-ல மேல் ஃபோல்டர் ரூட் பேர்ல இருக்கும். மாத்தலைன்னா இந்தத் தடவை நிஜமாவே ஈஅக்செஸ் வரும். எக்ஸ்ஃபேட்ல ஸ்பார்ஸ் ஃபைல் (காலிப் பகுதிக்கு டிஸ்க்ல இடம் பிடிக்காத ஃபைல்) இல்ல, அதனால 20 ஜிபியும் உடனே பிடிச்சுக்கும். ஃபேட்32-ன்னா 4 ஜிபிக்கு மேல ஒரு ஃபைல் போகாது. கேபிளைப் பிடுங்கறதுக்கு முன்னாடி அன்மவுண்ட்.

கேட்டவர்

டிஎஃப் எக்ஸ்ஃபேட் என்றே காட்டியது, ப்ராஜெக்டை ஹோமுக்கு மாற்றியதும் சரியானது. ஆனால் அதே டிஸ்கில் பைத்தான் வீஎன்வ் (ப்ராஜெக்டுக்கான தனிப் பைத்தான் சூழல்) உருவாக்கினாலும் "லிப்64" என்று சொல்லி விழுகிறது. --காப்பீஸ் கொடுத்தும் பயனில்லை.

பதில் 1

அதே வியாதி. --காப்பீஸ் பைத்தான் பைனரியை மட்டும்தான் நகலெடுக்கும். 64 பிட் லினக்ஸில் லிப்64 எப்போதும் லிப்-ஐக் காட்டும் சிம்லிங்க்காகவே உருவாகும். கோடு டிஸ்கிலேயே இருக்கட்டும், வீஎன்வை மட்டும் ஹோமுக்குள் வையுங்கள். இரண்டும் ஒரே இடத்தில் இருக்க வேண்டிய அவசியமில்லை.

பதில் 3

தேடி வருகிறவர்களுக்காகப் பக்கத்து வீட்டுப் பிழைகள் இரண்டு.

விர்ச்சுவல்பாக்ஸ் (ஒரு ஓஎஸ்ஸுக்குள் இன்னொன்றை ஓட்டும் மென்பொருள்) ஷேர்டு ஃபோல்டரில் சிம்லிங்க் போட்டால் "ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்" அல்லது "ப்ரோட்டோகால் எரர்" வரும். சாதாரணக் கோப்பு அங்கே எழுத முடியும் என்பதால் குழப்பும். பாதுகாப்புக்காக அங்கே சிம்லிங்க் உருவாக்கம் இயல்பாகவே அடைக்கப்பட்டிருக்கிறது. ஹோஸ்டில் (வெளியே இருக்கும் அசல் கணினியில்) விபாக்ஸ்மேனேஜ் செட்எக்ஸ்ட்ராடேட்டா மூலம் ஷேர்டுஃபோல்டர்ஸ்எனேபிள்சிம்லிங்க்ஸ்க்ரியேட் என்ற சாவியை, ஷேரின் பெயரோடு சேர்த்து, 1 ஆக்க வேண்டும். ஹோஸ்ட் விண்டோஸ் என்றால் விர்ச்சுவல்பாக்ஸையும் அட்மினாகத் திறக்க வேண்டியிருக்கும். கெஸ்டின் (உள்ளே ஓடும் ஓஎஸ்ஸின்) சொந்த டிஸ்கில் வேலை செய்வது இதைவிட நிம்மதி.

மற்றது என்பிஎம் இன்ஸ்டால் -ஜி (எல்லா ப்ராஜெக்டுக்கும் பொதுவாக நிறுவுவது) கொடுக்கும்போது /யுஎஸ்ஆர்/லோக்கல்/பின் மேல் வரும் ஈஅக்செஸ். இதுதான் அசல் அனுமதிப் பிழை. பார்க்க வேண்டியது லிங்க் விழும் ஃபோல்டரில் உங்களுக்கு எழுதவும் நுழையவும் உரிமை உண்டா என்பதை. சிம்லிங்க்கின் சொந்த அனுமதி லினக்ஸில் எப்போதும் 777 என்றே தெரியும், அதற்கு அர்த்தமில்லை. சூடோவுக்குப் பதில் என்பிஎம் கான்ஃபிக் செட் ப்ரீஃபிக்ஸ் ~/.லோக்கல் கொடுங்கள். ~/.லோக்கல்/பின் இருந்தால் உபுண்டுவின் .ப்ரொஃபைல் அதைப் பாத்தில் (கமாண்ட்களைத் தேடும் ஃபோல்டர் பட்டியல்) சேர்த்துக்கொள்ளும், ஆனால் ஒருமுறை லாக்அவுட் செய்து திரும்பி வர வேண்டும்.