புதுப்பிப்பு: தண்டையார்பேட்டை வீட்டுக் கடன் நோட்டீஸ்

போன மாதம் எழுதியிருந்தேன்: தவணை நின்றுபோய் வங்கியிலிருந்து சர்ஃபேசி (கோர்ட்டுக்குப் போகாமலே வங்கி வீட்டை எடுத்து ஏலம் விட வழிசெய்யும் சட்டம்) நோட்டீஸ் வந்தது, "ஏலத்தை நிறுத்தித் தருகிறேன்" என்று ஒருவர் 40 ஆயிரம் முன்பணம் கேட்டார் என்று. அவரிடம் போகவில்லை. வெற்று முத்திரைத்தாளில் மனைவியின் கையெழுத்து வேண்டும் என்றார். அங்கேயே எழுந்து வந்துவிட்டோம்.

இங்கே சிலர் சொன்னபடி உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள இலவச சட்ட உதவிக்குப் போனோம். கடனில் மனைவியும் சேர்ந்திருக்கிறாள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லை என்பது அங்கே போய்த்தான் தெரிந்தது. வக்கீலம்மா கடன் தொகையைக் கேட்கவே இல்லை. தபால் உறையைத் திருப்பி, முத்திரையில் இருந்த தேதியைப் பென்சிலால் வட்டமிட்டு, "இது கைக்கு வந்தது என்றைக்கு?" என்றார். நல்லவேளை, உறையைத் தூக்கிப் போடவில்லை.

எங்களுக்கு வந்தது அந்தச் சட்டத்தின் 13(2) பிரிவு நோட்டீஸ், அதாவது பாக்கியைக் கட்டச் சொல்லும் முதல் நோட்டீஸ். அதற்கு 60 நாள் அவகாசம். அதற்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் வங்கி 15 நாளில் பதில் சொல்ல வேண்டும். 60 நாள் தாண்டி வீட்டைக் கையகப்படுத்த நடவடிக்கை எடுத்தால், 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அந்த மனுவுக்குக் கட்டணம் உண்டு, அது வேறு கதை.

ஆட்சேபத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டோம். அபராதக் கட்டணக் கணக்கைக் கேட்டிருக்கிறோம். நின்றுபோன தவணை நிலுவை முழுவதையும் கட்டினால்தான் கணக்கு வாராக்கடனிலிருந்து வெளியே வருமாம். அதனால் நகையை விற்பதா, மச்சானிடம் கேட்பதா என்று வீட்டில் தினமும் பஞ்சாயத்து. வங்கியின் பதில் வந்ததும் எழுதுகிறேன்.