புதுப்பிப்பு: தாத்தாவோட கோல்ட் (Colt) பிஸ்டலுக்கு நிக்கல் பூசலை

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துத் தாத்தா விட்டுட்டுப் போன கோல்ட் 1903 பிஸ்டலுக்கு நிக்கல் பூசி, வெள்ளைப் பிடி போடலாமான்னு போன தடவை கேட்டிருந்தேன். பாதிப் பேர் "போடு"ன்னீங்க. போடலை.

லைசென்ஸ் என் பேருக்கு வர்ற வரைக்கும் அது சேலத்துல டீலர்கிட்டதான் இருந்துச்சு. அங்க இருக்கிற பெரியவர் லென்ஸை நீட்டி, "தம்பி, நம்பரைப் பாருங்க. நிக்கல் பூசறதுக்காக பாலிஷ் சக்கரத்துல குடுத்தா முதல்ல முனையெல்லாம் மழுங்கும், அப்புறம் இது. நம்பர் அழிஞ்சா கேஸு"ன்னார். 1959 ஆயுதச் சட்டம் 8ஆம் பிரிவு அதைத்தான் சொல்லுது. அப்படியே நம்பர் அழியாம தேய்ச்சாலும், இரும்பு மேல இருக்கிற பழைய நீலப்பூச்சு போயிட்டா சேகரிக்கிறவன் மதிக்க மாட்டான்.

அதனால சுத்தம் பண்ணி, எண்ணெய் போட்டு, சுருள்வில் (ஸ்பிரிங்) ஒண்ணு மாத்தினதோட சரி. பிடியில தாத்தா கட்டைவிரல் பட்ட இடம் மட்டும் வழவழன்னு இருக்கு. அதையா கழட்டி எறியறது?

ஒரு வேடிக்கை: இந்த மாடலோட பேரு 'ஹேமர்லெஸ்', அதாவது ஹேமர்ங்கிற அடிக்கிற சுத்தியல் இல்லாதது. மேல நகர்ற ஸ்லைடைக் கழட்டினா உள்ள ஹேமர் சமர்த்தா உட்கார்ந்திருக்கு! பாக்கெட் துணியில மாட்டக் கூடாதுன்னு இதை வடிவமைச்ச பிரௌனிங் மூடி வச்சுட்டார்.

"அடுத்து எது வாங்கப் போறே?"ன்னு கேட்டவங்களுக்கு: ஆயுதச் சட்டத்தோட 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஒருத்தருக்கு ரெண்டு துப்பாக்கிதான், முன்னாடி மூணு. அப்பாவோட தோட்டத் துப்பாக்கியும் எனக்குத்தான் வரப் போகுது. கணக்கு முடிஞ்சுது.